லினக்ஸ் கெர்னல் எச்சரிக்கைகளுக்கு வரம்பு வைப்பது: எந்த எண், எந்த வரிசையில், ஏன்

ஒரு சர்வரில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தரும் எச்சரிக்கைகள் குவிய ஆரம்பித்ததும், புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் எங்கோ பார்த்த ஓர் எண்ணை வரம்பாகப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எண் சரியாகவே இருந்தாலும் அது போதாது. வரம்பைத் தொட்ட பிறகு மெஷின் என்ன செய்யும், அதன் கடைசிச் செய்தி எங்கே பதியும் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எண்ணை எழுதுவது கிட்டத்தட்ட கடைசிப் படி. அதனால்தான் இந்த வழிகாட்டியில் அது நடுவுக்கு அப்புறம் வருகிறது.

அமைப்புகளின் (செட்டிங்) பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் போட்டு, முன்னால் 'கெர்னல்' என்ற சொல்லும் ஒரு புள்ளியும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதிவிலக்கு வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

1. எதை எண்ணுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாருக்கும் குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். லாகில் (செய்திப் பதிவேட்டில்) 'எச்சரிக்கை' என்ற நிலையில் வரும் எல்லா வரியும் ஒன்றல்ல.

சில வரிகள் வெறும் தகவல். ஒரு டிரைவர் 'இந்த ஃபர்ம்வேர் பழையது' என்று நிலை 4-ல் ஒரு வரி எழுதும், அவ்வளவுதான். இதைக் கெர்னல் எங்கும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது வகை 'வார்ன்'. நடக்கவே கூடாது என்று கோடு எழுதியவர் நினைத்த ஒரு நிலை வந்துவிட்டது என்று பொருள். 'கட் ஹியர்' என்ற கோட்டில் தொடங்கி, ரெஜிஸ்டர் மதிப்புகளும் கால் டிரேஸும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) சேர்ந்து ஒரு நீண்ட பத்தியாக வரும். வேலை தொடர்ந்து நடக்கும். எத்தனை வார்ன் வந்ததும் கெர்னல் மெஷினை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் 'வார்ன் லிமிட்' எண்ணுவது இதைத்தான்.

மூன்றாவது 'ஊப்ஸ்'. கெர்னலே தவறான முகவரியைத் தொட்டுவிட்டது போன்ற நிலை. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த பிராசஸ் கொல்லப்படும், மற்றவை தொடரும். இதற்குத் தனி எண்ணிக்கையும் 'ஊப்ஸ் லிமிட்' என்ற தனி வரம்பும் உண்டு. நான்காவது 'பேனிக்'. அத்துடன் மெஷின் நின்றுவிடும்.

வரம்புகளும் இரண்டு விதம். ஒன்று, கெர்னல் எவ்வளவு வேகமாகப் பேசலாம் என்பதற்கு. மற்றது, எவ்வளவு தவறைப் பொறுத்துக்கொண்டு ஓடலாம் என்பதற்கு. முதல் வகையில் தப்பு செய்தால் தகவல் போகும், இரண்டாவது வகையில் தப்பு செய்தால் சர்வரே போகும். இரண்டையும் ஒரே கையோடு மாற்றாதீர்கள்.

2. கை வைக்கும் முன் தேவையானவை

ரூட் அனுமதி வேண்டும். மெஷின் எழுந்திருக்காமல் போனால் உள்ளே போக ஒரு மாற்று வழியும் வேண்டும்: சீரியல் கன்சோல் (கேபிள் வழியாக நேரே மெஷினின் திரை), ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் வன்பொருள் வசதி), அல்லது கிளவுட் நிறுவனம் தரும் கன்சோல். எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழி லாகின்) மட்டும் இருந்தால் பொறுத்துக்கொள்ளும் வரம்புகளைத் தொடாதீர்கள்.

கெர்னல் பதிப்பைப் பாருங்கள். வார்ன் லிமிட், ஊப்ஸ் லிமிட் இரண்டும் 6.2-ல் வந்தவை. பழைய நீண்டகாலப் பதிப்புகளில் சிலவற்றுக்கும் பின்னர் கொண்டுவரப்பட்டதால், பதிப்பு எண்ணை நம்புவதைவிட ப்ராக் அடைவின் சிஸ், கெர்னல் பகுதிக்குள் அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி.

கன்டெய்னருக்குள் (ஹோஸ்ட் மெஷினின் கெர்னலையே பகிரும் தனி அறை) உட்கார்ந்து இதைச் செய்ய முயலாதீர்கள். இந்த அமைப்புகள் ஹோஸ்ட் முழுவதற்கும் ஒன்றே. ஒரு கன்டெய்னரில் நடக்கும் வேலை வரம்பைத் தாண்ட வைத்தால், அந்த ஹோஸ்டில் இருக்கும் அத்தனை கன்டெய்னரும் சேர்ந்தே விழும். விர்ச்சுவல் மெஷின் அப்படியல்ல, அதற்குத் தன் சொந்தக் கெர்னல் உண்டு.

3. இப்போது இருக்கும் நிலையை அளந்து எழுதுங்கள்

சிஸ் அடைவின் கெர்னல் பகுதியில் 'வார்ன் கவுன்ட்', 'ஊப்ஸ் கவுன்ட்' என்று இரண்டு கோப்புகள் இருக்கும் (பெயரில் அண்டர்ஸ்கோர் உண்டு; இந்த சிஸ் தனி அடைவு, ப்ராக்-க்குள் இருப்பது அல்ல). பூட் ஆனதிலிருந்து எத்தனை முறை நடந்தது என்ற எண் அதில் இருக்கும். உங்களிடம் உள்ள ஒவ்வொரு மெஷினிலும் அந்த எண்ணையும், மெஷின் எத்தனை நாளாக ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கு இல்லாமல் எண் மட்டும் இருந்தால் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

ஆரோக்கியமான மெஷினில் இரண்டும் 0 ஆக இருப்பதுதான் இயல்பு. பூட் ஆகும்போது ஒன்றிரண்டு வார்ன் வருவது சில வன்பொருள்களில் வழக்கம். அது எந்த வரியிலிருந்து வருகிறது என்று டிமெஸ்ஜி-யில் (கெர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) தேடி, தெரிந்த ஒன்று என்று பெயர் எழுதி வையுங்கள்.

இன்னொரு சோதனை 'டெயின்டட்' என்ற எண். அது பல கொடிகளின் கூட்டுத்தொகை. அதில் 512 சேர்ந்திருந்தால் ஒரு வார்ன் நடந்திருக்கிறது. 128 சேர்ந்திருந்தால் ஊப்ஸ் நடந்திருக்கிறது. பூட் செய்யும் வரை இந்தக் கொடிகள் அப்படியே இருக்கும். டிமெஸ்ஜி-யில் பழைய வரிகள் அழிந்துபோயிருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும்.

ஒரு நுணுக்கம் உண்டு. கெர்னல் கோடில் பல இடங்களில் 'ஒரே முறை மட்டும் எச்சரி' என்ற வகை வார்ன்தான் இருக்கிறது. அந்த இடத்தில் ஆயிரம் முறை தவறு நடந்தாலும் எண்ணிக்கையில் 1 தான் கூடும். ஆகவே வார்ன் கவுன்ட் 3 என்றால் தவறு 3 முறை நடந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

4. பேனிக் ஆனால் என்ன நடக்கும் என்பதை முடிவு செய்யுங்கள்

அவசரப்பட்டால் அதிகம் இழப்பது இங்கேதான். பொறுமை வரம்பு எல்லாம் தாண்டப்பட்டதும் போய்ச் சேரும் இடம் பேனிக். பேனிக் ஆன பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை 'பேனிக்' என்ற பெயரிலேயே உள்ள அமைப்பு சொல்கிறது. கெர்னலில் அதன் இயல்பு மதிப்பு 0. அப்படியே நின்றுகொண்டிரு, யாராவது வந்து ரீசெட் செய்யட்டும் என்று பொருள். தொலைவில் இருக்கும் சர்வருக்கு வார்ன் லிமிட் வைத்துவிட்டு இதை 0 ஆகவே விட்டால், எச்சரிக்கையோடு ஓடிக்கொண்டிருந்த மெஷினை நாமே செத்த மெஷினாக மாற்றியிருப்போம்.

நேர் எண் கொடுத்தால் அத்தனை விநாடி கழித்து ரீபூட் ஆகும். எதிர்மறை எண் கொடுத்தால் உடனே ஆகும். நான் சர்வர்களுக்கு 10 முதல் 30 வரை வைப்பேன். கன்சோலில் வரும் கடைசி வரிகள் முழுவதும் வெளியேற அந்த நேரம் உதவும்.

அடுத்து, கடைசிச் செய்தியைக் காப்பாற்ற ஏற்பாடு. பேனிக் நேரத்தில் டிஸ்க்கில் லாக் எழுதப்படும் என்று நம்ப முடியாது. கேடம்ப் வைத்திருந்தால், முன்பே ஒதுக்கி வைத்த நினைவகத்தில் இரண்டாவது கெர்னல் எழுந்து, விழுந்த கெர்னலின் நினைவகத்தைப் படமெடுத்து வைக்கும். பூட் வரியில் (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) 'கிராஷ்கெர்னல்' என்று இடம் ஒதுக்கினால்தான் இது வேலை செய்யும். அந்த அளவு நினைவகத்தைக் கொடுக்க முடியாத சிறிய மெஷினில் பிஸ்டோர் (ரீபூட்டிலும் அழியாத இடத்தில் செய்தியை வைப்பது), நெட்கன்சோல் (நெட்வொர்க் வழியே வேறு மெஷினுக்கு அனுப்புவது), சீரியல் கன்சோல் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கட்டும்.

ஏற்பாடு செய்தால் மட்டும் போதாது, ஒருமுறை விழ வைத்துப் பாருங்கள். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் ப்ராக் அடைவில் உள்ள சிஸ்ஆர்க்யூ டிரிக்கர் கோப்பில் (பெயரின் நடுவே அண்டர்ஸ்கோர் அல்ல, ஹைஃபன்) சிறிய 'சி' எழுத்தை எழுதினால் கெர்னல் உடனே கிராஷ் ஆகும். பதிவு கிடைத்ததா, மெஷின் தானாக எழுந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

5. செய்தி நிற்கும் இடத்தைப் பெரிதாக்குங்கள்

கெர்னல் செய்திகள் முதலில் நினைவகத்தில் உள்ள ஒரு வளைய பஃபரில் (நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும் இடம்) விழும். அதன் அளவு 128 கேபி அல்லது 256 கேபி என்பது வழக்கம். ஒரு வார்ன் டிரேஸ் சுமார் 3 முதல் 4 கேபி பிடிக்கும் என்று வைத்தால், 128 கேபியில் முப்பது, நாற்பது டிரேஸ் வந்தாலே முதல் டிரேஸ் அழிந்துவிடும். உண்மையான காரணம் பெரும்பாலும் முதல் டிரேஸில்தான் இருக்கும். பின்னால் வருபவை அதன் விளைவுகள்.

'லாக் பஃப் லென்' என்பதை பூட் வரியில் 1 எம்பி ஆக்குங்கள் (இதற்கு முன்னால் கெர்னல் என்ற சொல் கிடையாது). ஓடும் மெஷினில் இதை மாற்ற முடியாது, ரீபூட் தேவை. அதனால்தான் மற்ற எண்களுக்கு முன்பே இதை முடிக்கச் சொல்கிறேன். ஜர்னல்டி (லாகைச் சேகரிக்கும் சேவை) டிஸ்க்கில்தான் எழுதுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். வார் அடைவின் லாக் பகுதியில் ஜர்னல் என்ற அடைவு இல்லையென்றால், பல இடங்களில் லாக் நினைவகத்தில் மட்டும் இருந்து ரீபூட்டில் மறைந்துவிடும்.

6. கன்சோல் நிலையைச் சரி செய்யுங்கள்

'பிரின்ட்கே' என்ற அமைப்பில் நான்கு எண்கள் இருக்கும். கெர்னலின் இயல்பு 7 4 1 7. முதல் எண்தான் கன்சோலில் எதெல்லாம் தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணுக்குக் குறைவான நிலை உள்ள செய்திகள்தான் கன்சோலுக்குப் போகும். எண் சிறிதாக ஆக, செய்தி கடுமையானது; எச்சரிக்கையின் நிலை 4. அப்படியென்றால் 4 என்று வைத்தால் எச்சரிக்கை கன்சோலில் வராது, 5 வைத்தால்தான் வரும். 'நிலை 4 தானே வேண்டும்' என்று 4 போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூட் வரியில் 'கொயட்' இருந்தாலும் இந்த எண் 4 ஆகிவிடும்.

எல்லாவற்றையும் கன்சோலில் கொட்டுவதற்கும் விலை உண்டு. 115200 வேகத்தில் ஓடும் சீரியல் கன்சோல் ஒரு விநாடிக்குச் சுமார் 11,520 எழுத்துகளை வெளியே தள்ளும். ஒரு டிரேஸுக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 9600 வேகம் என்றால் அதே டிரேஸுக்கு 4 விநாடி. எச்சரிக்கை வெள்ளமாக வரும்போது எழுதிக்கொண்டிருக்கும் சிபியூ அதிலேயே சிக்கி, 'சாஃப்ட் லாக்அப்' என்ற புது எச்சரிக்கையைக் கிளப்பும். மூல நோய் எது, எழுதியதால் வந்தது எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

சீரியல் கன்சோல் உள்ள சர்வருக்கு 5, மேசைக் கணினிக்கு 4 என்பது நல்ல தொடக்கம். பேனிக் நேரத்தில் கெர்னல் தானே கன்சோலை முழு விவரத்துக்கு மாற்றிக்கொள்ளும், அதற்காக இந்த எண்ணை உயர்த்தி வைக்க வேண்டியதில்லை.

7. பேச்சு வேகத்துக்கான வரம்பை அநேகமாகத் தொடாதீர்கள்

'பிரின்ட்கே ரேட்லிமிட்' 5, 'பிரின்ட்கே ரேட்லிமிட் பர்ஸ்ட்' 10. அதாவது 5 விநாடிக்கு 10 செய்தி. இதை 1000 ஆக்கினால் எல்லாச் செய்தியும் வந்துவிடும் என்று நினைப்பது பரவலான தவறு. கெர்னலில் இன்று பெரும்பாலான இடங்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அங்கே 5 விநாடி, 10 செய்தி என்பது கோடிலேயே இருக்கிறது. சிஸ்சிடிஎல் (ஓடும் மெஷினில் இந்த அமைப்புகளை மாற்றும் கட்டளை) மூலம் மாற்றும் எண், பொதுக் கணக்கைப் பகிரும் பழைய இடங்களுக்கு மட்டுமே பொருந்தும். நெட்வொர்க் செய்திகளில் ஒரு பகுதிக்கு வேறு இரண்டு எண்கள் உண்டு: நெட் கோர் பகுதியில் உள்ள 'மெசேஜ் காஸ்ட்', 'மெசேஜ் பர்ஸ்ட்'. அவையும் 5, 10 தான்.

எண்ணை மாற்றுவதைவிடப் பயனுள்ள வேலை, லாகில் 'கால்பேக்ஸ் சப்ரெஸ்டு' என்ற வரியைக் கண்காணிப்பது. எந்த ஃபங்ஷன், எத்தனை செய்தியை விழுங்கியது என்று அந்த வரியே சொல்லும். விழுங்கிய எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தால் நீங்கள் தேட வேண்டியது அந்த ஃபங்ஷனை.

8. வார்ன் லிமிட்: இப்போதுதான் எண்

இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை. 1 என்று வைத்தால் 'பேனிக் ஆன் வார்ன்' போட்டதற்குச் சமம், முதல் வார்னிலேயே மெஷின் விழும்.

கெர்னல் சோதனை செய்யும் மெஷினுக்கு 1 சரியானது. அங்கே முதல் தவறின் நொடியில் நிறுத்துவதுதான் நோக்கம். மடிக்கணினிக்கு 0 போதும். வார்ன் வந்தது என்பதற்காக எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை இழப்பதில் யாருக்கும் லாபமில்லை.

சேவை ஓடும் சர்வருக்கு நான் பரிந்துரைக்கும் தொடக்கம் 100. மூன்றாம் படியில் அளந்தபோது பெரும்பாலான மெஷின்கள் 0 முதல் 2 வரை காட்டியிருந்தால், ஒரே பூட்டில் 100 என்பது விபத்தாக வரும் எண் அல்ல. ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப உடைகிறது. அதே நேரம், தெரிந்த ஒன்றிரண்டு வார்ன்களுக்காக மெஷின் விழாது. உங்கள் அளவீட்டில் மாதக்கணக்கில் ஓடிய மெஷின் 40 காட்டினால் 100 போதாது. முதலில் அந்த 40-ன் காரணத்தைத் தீருங்கள், முடியாவிட்டால் வரம்பைப் பல மடங்கு மேலே வையுங்கள்.

இரண்டு பொறிகள் இங்கே இருக்கின்றன. முதலாவது, எண்ணிக்கை பூட்டிலிருந்து கூடிக்கொண்டே போகும், அதை 0 ஆக்க வழியில்லை. ஏற்கெனவே 120 வார்ன் பார்த்த மெஷினில் 100 என்று எழுதினால் உடனே எதுவும் நடக்காது, அடுத்த வார்ன் வந்ததும் விழும். அது நள்ளிரவிலும் வரலாம். அதனால் ஓடும் மெஷினில் வரம்பு எழுதும் முன் வார்ன் கவுன்ட்டைப் பாருங்கள்.

இரண்டாவது, ஒரே வேலையைச் செய்யும் பல மெஷின்கள். ஒரே பளு, ஒரே கெர்னல், ஒரே பிழை என்றால் எல்லாமே ஏறக்குறைய ஒரே நேரத்தில் 100-ஐத் தொடும். கிளஸ்டரில் ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்ற கணக்கு அங்கே உடையும். ஒவ்வொரு மெஷினுக்கும் வேறு வேறு எண் வைப்பதும் (100, 150, 200), வரம்பில் பாதியைத் தாண்டியதும் மனிதருக்குத் தகவல் போக ஏற்பாடு செய்வதும் இதற்குத் தீர்வு. இரண்டாவதுதான் முக்கியம். வரம்பு என்பது யாரும் பார்க்காதபோது வேலை செய்ய வேண்டியது.

9. ஊப்ஸ் லிமிட்

இயல்பு 10000. இந்த எண்ணை 'பத்தாயிரம் ஊப்ஸ் வரை பரவாயில்லை' என்று வாசிக்காதீர்கள். இது ஒரு பாதுகாப்பு எல்லை. ஒவ்வொரு ஊப்ஸிலும் கொல்லப்பட்ட பிராசஸ் பிடித்து வைத்திருந்த சில ரெஃபரன்ஸ்கள் ('இதை நான் பயன்படுத்துகிறேன்' என்ற குறிப்புகள்) விடுவிக்கப்படாமல் தங்கிவிடும். வேண்டுமென்றே ஊப்ஸைக் கிளப்பிக்கொண்டே இருக்கும் ஒருவர், அந்த ரெஃபரன்ஸ்களை எண்ணும் 32 பிட் கவுன்ட்டர் ஒன்றை நிரம்பி வழிய வைத்து மீண்டும் 0-க்குக் கொண்டுவர முயலலாம். அதற்குச் சுமார் 429 கோடி முறை தேவைப்படும். 10000 அதை அடியிலேயே வெட்டிவிடுகிறது. அதனால் இதை 0 ஆக்காதீர்கள்.

நடைமுறைக்கு வேறு கணக்கு. ஊப்ஸ் ஆன பிராசஸ் ஒரு பூட்டை (பூட் அல்ல, ஒரு நேரத்தில் ஒருவரே தொடும்படி தடுக்கும் பூட்டு) பிடித்தபடி செத்திருந்தால், அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும் எல்லாமே தொங்கும். மெஷின் பிங்குக்குப் பதில் சொல்லும், வேலை நடக்காது. டேட்டாபேஸ், ஸ்டோரேஜ் சர்வர்களுக்கு 'பேனிக் ஆன் ஊப்ஸ்' 1 என்று வைப்பதையே நான் சொல்வேன், நான்காம் படியை முடித்திருந்தால் மட்டும். மற்ற சர்வர்களுக்கு ஊப்ஸ் லிமிட் 10 போதும்.

10. தொங்கும் வேலைகளின் எச்சரிக்கை

'ஹங் டாஸ்க் டைம்அவுட் செக்ஸ்' (கடைசிச் சொல் செகண்ட்ஸ் என்பதன் சுருக்கம்) இயல்பு 120. குறுக்கிட முடியாத உறக்கத்தில் (டிஸ்க் போன்ற ஒன்றின் பதிலுக்காகக் காத்து நிற்கும் நிலை) ஒரு பிராசஸ் 120 விநாடி அசையாமல் இருந்தால் எச்சரிக்கை வரும். மெதுவான என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி கோப்புப் பகிர்வு), பழைய டிஸ்க், இரவு பேக்கப் உள்ள இடங்களில் இது அடிக்கடி வரும். புதியவர்கள் சத்தத்தை நிறுத்த 0 போடுவார்கள். அது கண்காணிப்பையே அணைத்துவிடும். 300 ஆக உயர்த்துங்கள், போதும்.

இதன் கூடவே 'ஹங் டாஸ்க் வார்னிங்ஸ்' இருக்கிறது, இயல்பு 10. வார்ன் கவுன்ட் ஏறுவது போல் இது ஏறாது, ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒன்று இறங்கும். 0 ஆனதும் கெர்னல் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடும். ஒரே டிஸ்க் நின்றால் பத்து பிராசஸ் ஒன்றாகத் தொங்கும், முதல் சுற்றிலேயே பத்தும் தீர்ந்துவிடும். அதற்கு அப்புறம் வரும் அமைதியைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று பலர் டிக்கெட்டை மூடுகிறார்கள். 100 வைத்து, மிச்சம் எவ்வளவு என்று கண்காணியுங்கள். -1 வைத்தால் எல்லையே இல்லை. சிறிய லாக் பஃபரோடு அதைச் சேர்க்காதீர்கள்.

11. எழுதி வைப்பதும் சோதிப்பதும்

ஓடும் மெஷினில் சிஸ்சிடிஎல் கொண்டு எழுதுவது ரீபூட் வரைதான். நிலையாக வேண்டுமென்றால் ஈடிசி அடைவின் சிஸ்சிடிஎல்.டி பகுதியில் தனிக் கோப்பு போடுங்கள். கோப்புப் பெயர் 90 போன்ற பெரிய எண்ணில் தொடங்கட்டும். பெயர் வரிசைப்படி படிக்கப்படுவதால் பின்னால் வருவதே வெல்லும். ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே அதன் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு 100 ஏன் என்று வேறு எங்கும் எழுதியிருக்காது.

இந்தக் கோப்பு படிக்கப்படும் முன் பூட் நேரத்தில் வரும் வார்ன்களும் எண்ணிக்கையில் சேரும். வரம்பு மிகச் சிறியதாக இருந்து, பூட்டிலேயே சில வார்ன் வரும் வன்பொருளாகவும் இருந்தால், மெஷின் எழும், விழும், மறுபடி எழும். அந்தச் சுழலிலிருந்து வெளியே வர, இரண்டாம் படியில் சொன்ன கன்சோல் வழியாகப் பூட் வரியில் சிஸ்சிடிஎல்.டி படிப்பதைத் தவிர்க்கும் மீட்பு முறையில் நுழைந்து கோப்பை மாற்ற வேண்டும்.

சோதனைக்கு, தூக்கி எறியக்கூடிய ஒரு விர்ச்சுவல் மெஷினில் எல்கேடிடிஎம் மாட்யூலை (கெர்னலை வேண்டுமென்றே தவறு செய்ய வைக்கும் சோதனைக் கருவி) ஏற்றுங்கள். டீபக்எஃப்எஸ்-க்குள் (கெர்னல் சோதனைக்கான கோப்பு அமைப்பு) 'ப்ரொவோக் கிராஷ்' அடைவில் (நடுவே அண்டர்ஸ்கோர் அல்ல, ஹைஃபன்) உள்ள 'டைரக்ட்' கோப்பில் 'வார்னிங்' என்று பெரிய எழுத்தில் எழுதினால் ஒரு வார்ன் பிறக்கும். வார்ன் கவுன்ட் 0 ஆக இருக்கும்போது வரம்பை 3 என்று வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். முதல் இரண்டில் எண்ணிக்கை ஏறும், மூன்றாவதில் 'அளவுக்கு மீறி எச்சரித்துவிட்டது' என்ற பொருளில் ஒரு வரியோடு பேனிக் ஆகும். பேனிக் ஆன பிறகு நீங்கள் வைத்த விநாடியில் எழுகிறதா, கேடம்ப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

12. வெளியே கொண்டுபோகும் வரிசை

கிளஸ்டரில் முதலில் ஒரே ஒரு மெஷின், ஒரு வாரம். அப்புறம் பாதி, அதற்குப் பின் மீதி. வார்ன் கவுன்ட், ஊப்ஸ் கவுன்ட், ஹங் டாஸ்க் மிச்சம் ஆகிய மூன்றையும் கண்காணிப்பு மென்பொருளில் சேர்த்த பிறகே இரண்டாவது கட்டத்துக்குப் போங்கள்.

கெர்னல் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். புதிய பதிப்பில் ஒரு டிரைவர் புதிதாக எச்சரிக்கத் தொடங்கியிருக்கலாம், பழைய வார்ன் ஒன்று நீக்கப்பட்டும் இருக்கலாம். புதிய கெர்னலில் முதல் வாரம் மட்டும் வார்ன் லிமிட்டை 0 ஆக்கி ஓடவிட்டு, எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, வரம்பைத் திரும்பப் போடுங்கள்.